சாம்பல் தொட்டுப் பிணைத்தவள்

என் அண்ணன் செய்த கிட்டாரைப் பற்றி அம்மாபேட்டையில் இன்னும் பேசுகிற வயசாளிகள் உண்டு. கரண்ட் இருந்தால் ஸ்பீக்கரில் பாடும், கரண்ட் போனால் தன் வயிற்றாலேயே பாடும், அப்படி ஒரு சாமானைத் தனியாளாகச் செய்தவன் என்பார்கள். தனியாளாக! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரத்தாலான பாதியை அவன் செய்தான். நன்றாகவே செய்தான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். கரண்டில் பாடுகிற பாதி என் கை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நல்லபிள்ளையாக எழுத வேண்டுமென்று எனக்கு ஆசையில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் கூலிக்கு வந்தவர். பத்தாவது முடித்ததும் என்னை ராட்டையில் உட்கார வைத்துவிட்டார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். தார் சுற்றுவது என்போம். இரண்டு தறியும் ஓட ஓட நான் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடது கை விரலிடுக்கில் பட்டு ஓடும், வலது கை சக்கரத்தைச் சுற்றும். இறுக்கினால் அறும், தளர்த்தினால் தார் கொழகொழத்துப்போய் நாடாவில் சிக்கும். இதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது என்றுதான் பேச்சு. எனக்குச் சும்மா இருக்கிற நேரம் காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும்.

அண்ணனுக்குத் தறிக்குழியில் கால் வைக்கவே பிடிக்காது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்குத் தச்சு வேலைக்குப் போனான். சனிக்கிழமை வருவான், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுவான். எழுபதுகளின் நடுவில் கல்யாணம், கோயில் பண்டிகை எதுவானாலும் மெல்லிசைக் கச்சேரி வைப்பது எங்கள் ஊரில் மோகமாக இருந்தது. எங்கள் பக்கத்திலேயே ஒரு குழு இருந்தது. அதில் கிட்டார் வாசித்தவர் மெட்ராசுக்குப் போய்விட, இவன் போய் நின்றான். யாரிடம் கற்றானோ, விரல் நன்றாகத்தான் ஓடியது. குழுத் தலைவர் கேட்டுவிட்டு, சொந்தக் கிட்டாரோடு வா, அதுவும் கரண்ட் போனால் பலகையாகிவிடாத கிட்டாரோடு வந்தால் உடனே சேர்த்துக்கொள்கிறேன் என்றாராம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத காலம் அது.

அப்படி ஒன்று கடையில் கிடைத்தாலும் எங்களால் வாங்க முடியாது. அண்ணன் தானே செய்வதென்று இறங்கினான். லாரி பாடியில் மிஞ்சிய தேக்குத் துண்டு வேண்டுமட்டும் கிடைத்தது. கழுத்துக்கு எங்கள் பழைய தறியின் படைமரத்தை அறுத்தான். நெய்த துணி சுற்றுகிற கட்டை அது, பல வருஷம் கைபட்டுக் காய்ந்து இரும்பாகக் கிடந்தது. முதலில் அவன் செய்து கொண்டுவந்த உடம்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டறைப் பழக்கம், மூலைக்கு மூலை இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்கியிருந்தான். தட்டினால் டொக்கென்றது. பத்து டன் பாரம் ஏற்றப்போகிறாயா என்று கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் அடுத்த வாரமே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, மேல்பலகையை அட்டைக் கனத்துக்கு இழைத்து, வஜ்ஜிரப் பசையில் ஒட்டிக் கொண்டுவந்தான்.

கடைக் கிட்டாருக்கு நடு வயிற்றில் வட்டமாக ஓட்டை இருக்கும். இவன் அந்த இடத்தைக் கரண்டில் பாட வைக்கிற காயிலுக்கு ஒதுக்கிவிட்டு ஓட்டையை மேல் தோளுக்குத் தள்ளினான். அளவையும் காப்பி டம்ளரின் அடி அளவுக்குச் சுருக்கினான். ஓட்டை பெரிதாக இருந்தால் ஸ்பீக்கர் சத்தம் உள்ளே புகுந்து ஊளையிடும் என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தான். அதனால் குரல் கொஞ்சம் சிறுத்தது. ஆனாலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, வெண்கலக் கிண்ணத்தில் புளியங்கொட்டை விழுந்த மாதிரி கேட்டது. அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பந்தலில் பிணம் கிடந்தாலும் தறியை நிறுத்தாத ஆள் அவர்.

பாக்கி இருந்தது காயில். தந்திக்கு அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி. தந்தி அதிர்ந்தால் கம்பியில் துளி கரண்ட் பிறந்து ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் போகும், பெட்டி அதைப் பெரிதாக்கிச் சொல்லும். காந்தத்தைக் கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து உடைத்து எடுத்தான். ஆறு தந்திக்கு நேராக ஆறு இரும்புத் திருகாணி வைத்தான். கம்பியோ தலைமயிரைவிட மெல்லிசு. ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். தச்சுக் கைக்கு அது அடங்குமா? மூன்று ஞாயிறு அறுத்துத் தள்ளினான். மூன்றாவது ஞாயிறு கம்பியைச் சுவரில் விட்டெறிந்துவிட்டுப் பஸ் ஏறப் போனான். நான் அதைப் பொறுக்கி எடுத்து ராட்டையில் மாட்டினேன்.

விரலிடுக்கில் ஓடும்போது அதற்கும் பட்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதுதான் வினையாகப் போனது. நாலு இடத்தில் அறுந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். விரலில் துளி சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரே முறுக்கு. முடிச்சு இருப்பதே தெரியாது. அடுத்த சனிக்கிழமை அண்ணன் அதை மாட்டி, எங்கள் பழைய ரேடியோவின் முதுகில் ரிக்கார்டு பிளேயருக்கென்று இருக்கிற துளையில் ஒயரைச் சொருகினான். பொட்டுச் சத்தமில்லை.

காயிலை எடுத்துக்கொண்டு கம்பி வாங்கிய இடத்துக்கே போனான். இரண்டு தெரு தள்ளி, டியூப்லைட்டுக்குச் சோக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் செய்கிற பட்டறை. முதலாளி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். கம்பிக்கு மேலே வார்னிஷ் தோல் இருக்கிறது, அதைச் சுரண்டி, ஈயம் உருக்கிச் சால்டர் வைக்காமல் வெறுமனே முறுக்கினால் கரண்ட் எப்படிப் போகும், எந்த மடையன் சுற்றியது என்று கேட்டாராம். அண்ணன் உடனே என்னைச் சொல்லிவிட்டான். சாம்பல் தொட்ட கதையையும் சேர்த்தே சொன்னான்.

மறுநாள் அந்த முதலாளி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கேலி பண்ண வந்திருக்கிறார் என்று நான் உள்ளே ஓடிவிட்டேன். அவர் அப்பாவிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"ஏனுங்க, பிணைப்பு தப்புத்தான். ஆனா சுத்து இருக்குதே, எம்பட மிசின்லகூட இப்படி வர்றதில்லீங்க. பாப்பாவ எங்க பட்டறைக்கு அனுப்புங்க. மூணு பொம்பளைங்க வேலை பாக்கறாங்க, பயப்பட ஒண்ணுமில்ல."

என்னை ஒருவர் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. ராசிபுரத்தில் ஒரு தறி வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் ராட்டைக்கு ஆள் கேட்டு வந்தவர்கள். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குச் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்குவது போலவும், முக்காலியில் உட்கார்ந்து மிஷின் சுற்றுவது போலவும், மாசம் பிறந்தால் என் சம்பளத்தை நானே வாங்குவது போலவும் நினைத்து நினைத்துப் பார்த்தேன். அப்பா உடனே சரி சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஆடிப் பண்டிகையில் பையன் அதை வாசிக்கப் போகிறான், ஊர் முன்னால் பாடட்டும், பாடினால் அனுப்புகிறேன் என்றார். முதலாளியும் தானே வந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக அந்தக் காயிலில்தான் என் பிழைப்பு இருந்தது. பாடினால் பட்டறை, பாடாவிட்டால் ராசிபுரம்.

இரண்டாவது காயிலை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றினேன். இரண்டே இடத்தில் அறுந்தது. பிளேடால் தோலைச் சுரண்டி, முறுக்கி, முதலாளி கொடுத்தனுப்பிய கோலைச் சுடவைத்துச் சால்டர் வைத்து, மேலே காகிதம் ஒட்டினேன். முழுசும் முடிந்ததும் சேலைக் கரைக்குப் போடுகிற அரக்கு நிறப் பட்டு நூலை எடுத்து மேலே நெருக்கமாகச் சுற்றிக் கட்டினேன். தார் முடிக்கும்போது கடைசி இழையை உள்ளே இழுத்து ஒரு சுருக்குப் போடுவேன். எங்கள் வீட்டில் அது எனக்கு மட்டும்தான் வரும். அறுக்காமல் அதைப் பிரிக்கவே முடியாது.

ரேடியோவில் சொருகினதும் முதலில் ம்ம்ம் என்று இரைந்தது. அண்ணன் தந்திமேல் உள்ளங்கையை வைத்தான், இரைச்சல் அடங்கியது. தடித்த தந்தியை ஒரு தட்டுத் தட்டினான். மரத்தில் வாசித்தால் சட்டென்று தீர்ந்துபோகிற சத்தம், ரேடியோவுக்குள்ளிருந்து வந்து கூடத்தின் நடுவில் நின்றது. அலமாரியில் கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அவன் வைத்திருந்த திருகைப் பாதி திருப்பினால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும், முதலில் மரத்தின் கிண் என்ற தட்டு, அதன் பின்னாலேயே கரண்டின் கனம். அந்தச் சத்தத்தைக் கடையில் வாங்கின எந்தக் கிட்டாரிலும் நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் வாசலில் கூடினார்கள். யாரப்பா செய்தது என்று கேட்டதற்கு, நாந்தான் என்றான் அண்ணன். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரி, பண்டிகையில் பாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பண்டிகை அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கச்சேரி. தெருக்கோடி வரைக்கும் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். முதலாளி வெள்ளை வேட்டியில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அப்பா. நான் பெண்கள் பக்கம். முதல் பாட்டில் கிட்டார் அப்படியே எழுந்து நின்றது. முதலாளி அப்பாவிடம் குனிந்து ஏதோ சொல்ல, அப்பா தலையாட்டுவதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது பாட்டில் கிட்டாருக்கென்று ஓர் இடம் வந்தது. கைதட்டல் கேட்ட மிதப்பில் அண்ணன் விறுக்கென்று முன்னால் வந்தான். ஒயர் விறைத்துக் கிட்டாரை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. சத்தம் நின்றுபோனது.

விரல் ஓடுகிறது, தந்தி அதிர்கிறது, டிரம் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் போனால் எல்லாருக்கும்தானே போகும், அப்போது மரம் பாடும். இவனுக்கு மட்டும் போனால் மரம் என்ன செய்யும்? பாட்டை அப்படியே நிறுத்தினார்கள். குழுத் தலைவர் மைக்கைக் கையில் வைத்தபடியே அவன் பக்கம் திரும்பி என்னப்பா ஆச்சு என்றார். மைக் திறந்துதான் இருந்தது. அண்ணன் சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"எந்தங்கச்சி சுத்துன காயிலுங்க. சாம்பல் தொட்டுப் பிணைச்சிருப்பா. ஊட்டுப் பொம்பளைங்க வேலை, என்னத்தச் சொல்றது."

வேறு ஊரில் சொல்லியிருந்தால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. அம்மாபேட்டையில் சாம்பல் தொட்டு நூல் பிணைக்காத வீடு ஏது? தெருவே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார், கோபம் போய்விட்டது, சரி பண்ணிக்கொண்டு அடுத்த கச்சேரிக்கு வா என்று தோளில் தட்டினார். என் பக்கத்திலிருந்தவள் என் தொடையைக் கிள்ளிச் சிரித்தாள். நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தது.

அவரைத் தப்பு சொல்லமாட்டேன். ஊர் கேட்கச் சொன்னதை நம்பாமல் அவர் என்ன செய்வார்? அப்புறம் ஒரு தடவை தெருவில் எதிரே வந்தார், தரையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். பட்டறைக்குப் போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். போதும் சாமி, சபையில் பேர் வாங்கினது போதும் என்றார். அந்த வாரம் அண்ணன் கிட்டாரைக் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து எடுத்து வந்தான். பழையபடி பாடியது. என்ன கோளாறு என்று நானே அண்ணனிடம் போய்க் கேட்டேன். "உன் பிணைப்புதான் உட்டுப்போச்சு. சுத்தைப் பிரிச்சு உள்ள சரி பண்ணிக் குடுத்தாரு" என்றான். நான் நம்பினேன். அவசரத்தில் சரியாகச் சுரண்டாமல் விட்டுவிட்டேனோ என்று என்னையே நொந்துகொண்டேன்.

தை மாசம் என்னை ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கேயும் ராட்டை. எனக்கு முன்னாலேயே அந்தப் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, அண்ணன்தான் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அடுப்பு பற்றாவிட்டால், சைக்கிள் செயின் கழன்றால், "ஏன், நீ பிணைச்சதா?" என்று கேட்பார் என் வீட்டுக்காரர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இத்தனை வருஷம் சிரித்தேனே, அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது ஆறமாட்டேன் என்கிறது.

அண்ணன் சில வருஷம் குழுவில் வாசித்தான். பேர் வாங்கினான், கடைக் கிட்டார் ஒன்று வாங்கினான், அப்புறம் வாசிப்பை விட்டுவிட்டு நாமக்கல்லில் சொந்தமாக லாரி பட்டறை போட்டான். எண்பதுகள் முடிகிற சமயம் புதுவீடு கட்டிக் குடிபோனபோது நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். பரணைக் காலி பண்ணும்போது பழைய கிட்டார் வந்தது. வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்றாள் அண்ணி. நான் வாங்கிப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ராசிபுரம் வந்து, மதியம் வீட்டில் யாருமில்லாதபோது காயில் மூடியைத் திருகிக் கழற்றினேன். அரக்குப் பட்டு நான் சுற்றியது சுற்றியபடி இருந்தது. ஓர் இழை கலையவில்லை. கடைசியில் நான் போட்ட சுருக்கு அப்படியே இருந்தது. யாரும் அறுக்கவில்லை, யாரும் பிரிக்கவில்லை. அப்படியானால் உள்ளே யார் எதைச் சரி பண்ணியது? கிட்டாரைத் திருப்பி ஒயர் சொருகுகிற பக்கத்துப் பலகையைக் கழற்றினேன். அங்கே அண்ணன் வைத்த பழைய சால்டர் கருத்துப் பிய்ந்து கிடந்தது. அதற்கு மேலே வேறு கையால் புதுசாகச் சால்டர் வைத்திருந்தது. மேடையில் ஒயர் வெட்டி இழுத்ததில் விட்டுப்போனது அவன் ஒட்டினது, நான் பிணைத்தது இல்லை.

எங்கள் வீட்டு ரேடியோவின் முதுகில் சொருகிப் பார்த்தேன். ம்ம்ம் என்றது. கை வைத்தேன், அடங்கியது. துருப்பிடித்த தந்தி ஒன்று மிச்சமிருந்தது, அதைத் தட்டினேன். பாடியது.

அடுத்த வாரம் காயிலை மட்டும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நாமக்கல் போனேன். அண்ணன் பட்டறையில், பாதி கட்டின லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கைக்குட்டையை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன். பட்டைப் பார்த்தான், சுருக்கைப் பார்த்தான். திகைப்பான், மறந்துபோச்சு என்பான் என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அன்னைக்கே தெரியும் அம்மிணி" என்றான். அம்மிணி என்று கூப்பிட நாமக்கல்லில் கற்றிருந்தான். "ரிப்பேர்க்காரரு காட்டுனாரு. சபையில சொன்னத எப்படித் திருப்பி வாங்கறது? என் சால்டருன்னு சொல்லியிருந்தா குழுவுல சேத்திருக்க மாட்டாங்க."

"எனக்கு?"

"உனக்கென்ன போச்சு? நல்ல எடத்துலதான கட்டிக் குடுத்தோம்."

என்ன போச்சு என்று நான் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்ல? அதற்குள் மரம் இழைத்துக்கொண்டிருந்த வயசான ஆசாரி ஒருவர் எழுந்து வந்து, அண்ணன் கையிலிருந்த காயிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல் பட்டைத் தடவினார். இத்தனை நைசாக யார் சுற்றினது என்று கேட்டார்.

"நாந்தான்" என்றான் அண்ணன். "அப்பல்லாம் கண்ணு நல்லாத் தெரியும்."

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. நான் எதிரே நின்றுகொண்டிருக்கிறேன். ஆசாரியிடமிருந்து காயிலை வாங்கினேன்.

"அப்படியில்லீங்க. அது கெட்டுப்போனாத்தான் நான் சுத்துனது. பாடிச்சுன்னா அண்ணன் சுத்துனது."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் வேறு பக்கம் திரும்பி, தங்கச்சிக்கு டீ சொல்லுங்க என்றான். டீ வருகிற வரைக்கும் நான் நிற்கவில்லை.